செருப்பு வைக்கும் இடம்

"நாம மூணு பேரும் கூட்டாளிங்கன்னு நீ மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருக்க. ஒதுக்கிவிட்ட எடத்துல நின்னோம், பக்கத்துல பக்கத்துல நின்னதால பேசினோம், அவ்வளவுதான்." சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பிரியாணியைப் பாதி முடித்துவிட்டு, எலும்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற தொனிதான். அப்புறம் தன் மகனின் டியூஷன் கட்டணம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் டியூஷன் பற்றி அவள் சொன்ன எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. 13 வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றிய ஒருத்தி, நாற்பதைத் தாண்டிய பிறகு அதெல்லாம் நட்பே இல்லை என்கிறாள் என்றால், வருத்தப்படுவதா சிரிப்பதா? என்னை உறுத்தியது வருத்தம்கூட இல்லை. அவள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகம்தான். ஒதுக்கப்பட்டவர்களின் நட்பு என்றாலே எல்லோரும் கண்ணில் நீர் வர எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன் போலிருக்கிறது. மிச்சமாக விடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பிடித்துத்தான் சேர்ந்தார்களா, இல்லை வேறு ஆளில்லாமல் சேர்ந்தார்களா என்று அதுவரை நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

13 விழுக்காட்டு ஊர்

சிங்கப்பூரில் சிற்றூர் ஏது என்று கேட்பீர்கள். இருக்கிறது, வரைபடத்தில் தெரியாது, அவ்வளவுதான். நாங்கள் வளர்ந்தது தீவின் வடக்கே. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் 1971ல் வெள்ளைக்காரன் கிளம்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு வந்து சேர்ந்த பக்கம். 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு புளோக்கில் இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 13 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அப்போதைய வரம்பு, 2010ல்தான் அதைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். நல்ல கொள்கைதான், ஒரே இனம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டுக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. நூறு வீடு உள்ள புளோக்கில் தமிழ் பேசும் வீடு ஏழோ எட்டோ இருக்கும், அதுவும் வெவ்வேறு மாடிகளில். தமிழர் தெரு என்று ஒன்று கிடையாது. அந்தத் தெருவாகக் கோயில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால் வடக்குப் பக்கத் தமிழர் மொத்தமும் அங்கே இருக்கும். யார் மகளுக்கு எங்கே சம்பந்தம், யார் மகன் என்ன மதிப்பெண், யார் புருஷன் எங்கே போனான், எல்லாம் வடை கொடுக்கிற வரிசையிலேயே தெரிந்துவிடும்.

கிராமத்தில் ஒரு தெரு ஒதுக்கினால் அடுத்த தெருவுக்குப் போகலாம். எங்களுக்கு அடுத்த தெரு இல்லை. பள்ளியில் சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் இருந்தார்கள், நன்றாகத்தான் பழகினார்கள், ஆனால் கோயிலில் ஏன் கடைசித் தூணோரம் உட்கார்ந்திருக்கிறாய் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? அது புரிந்தவர்கள் அந்தத் தூணோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான். கோயில் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே கோயிலுக்கு இப்போதும் போகிறேன், இப்போது இருக்கிற நிர்வாகம் வேறு, ஆட்களும் வேறு.

மூன்று பேர்

என் கதை சுருக்கமானது. அப்பா போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். டிஆர்சி என்ற மூன்று எழுத்து எங்கள் வீட்டில் உச்சரிக்கப்பட்டதே இல்லை. அம்மா எல்லோரிடமும் "கப்பல்ல வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். எல்லோருக்கும் உண்மை தெரியும், அம்மாவுக்கும் அவர்களுக்குத் தெரியும் என்று தெரியும். ஆனாலும் பொருளாளரின் மனைவி அன்னதானத்தில் என் இலையில் சாம்பாரை ஊற்றும்போது, பக்கத்தில் உள்ளவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா கப்பல் இப்ப எந்தத் துறைமுகத்துலம்மா நிக்குது?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் ஒரு துறைமுகம் சொல்வேன். பூகோளத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் வந்ததற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம்.

தேக்காவில் பிரியாணி சாப்பிட்டவளை எல்லோரும் அமோய், அதாவது சீனப் பெண்பிள்ளை, என்று கூப்பிட்டார்கள், பிறகு நாங்களும் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவளுடைய அம்மா 1950ல், சீனர்களின் புலி ஆண்டில் பிறந்தவர். புலி ஆண்டில் பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பியவர்கள் உண்டு, வறுமையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இப்படிக் கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கேயும் மலேசியாவிலும் நிறைய. அந்தம்மாவைக் கடற்படைத் தளத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று வளர்த்தது. அவருக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, மஞ்சள் பூசாமல் வெள்ளிக்கிழமை வெளியே கிளம்பமாட்டார், தமிழரையே கட்டிக்கொண்டார். ஆனால் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற இடத்தில் பெயர், ராசி, நட்சத்திரம் கேட்பார்களே, அங்கே ஒவ்வொரு முறையும் நிற்பார். அவர் பிறந்த நாளே சரியாகத் தெரியாது, நட்சத்திரத்துக்கு எங்கே போவது? "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து அந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மகளுக்கு நட்சத்திரம் இருந்தது, ஆனால் முகம் அம்மாவுடையது. 2011லிருந்து அடையாள அட்டையில் இரண்டு இனத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தபோது மாற்றப் போகிறாயா என்று கேட்டேன். "இன்னொரு கவுண்டர்ல போய் நின்னு நான் யாருன்னு சொல்லணுமா?" என்றாள்.

மூன்றாவது ஆள் உறுமி. உறுமி மேளம் வாசிப்பான், அதனால் அந்தப் பெயர். 1994ல் உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கநிலையை (மதிப்பெண் குறைந்தவர்களைப் போடுகிற பிரிவை) இரண்டாகப் பிரித்துத் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள், அதில் முதல் அணி அவன். இப்போது 2024லிருந்து அந்தப் பிரிவுகளே போய்விட்டன. ஆனால் அந்தக் காலத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்றால் கோயிலில் தாய்மார்கள் மகளின் கையைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். அதோடு உறுமி மேளம் வேறு. உறுமி வாசிக்கிற பையன்கள் என்றாலே கும்பல், பச்சை குத்தியவர்கள், போலீஸ் கேஸ் என்று ஒரு முத்திரை. தைப்பூச ஊர்வலத்தில் சாலையில் வாத்தியம் வாசிக்க 1973லிருந்து தடை இருந்ததும் அந்த முத்திரைக்கு வசதியாகப் போனது. திருவிழா நாளில் கோயிலுக்குள் இவர்கள் வாசித்தால்தான் காவடி ஆடுகிறவருக்கு அருள் வரும், பெரியவர்களும் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். மறுநாள் அதே பையன்கள் புளோக் கீழ்த்தளத்தில் பயிற்சி எடுத்தால் புகார் போகும். இது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. ஒரு மண்டலம் சுத்தமாக விரதமிருந்து, வெறும் தரையில் படுத்து, காவடிக்காரருக்குக் கால் பிடித்துவிட்டவர்கள் அவர்கள். கோயிலில் இளையர்களே வருவதில்லை என்று இப்போது கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறார்கள். வந்தவர்களை எங்கே நிற்க வைத்தீர்கள் என்று யாராவது எழுந்து கேட்டால் தேவலை.

அவனுடைய அப்பா ஒருநாள் உறுமியைத் தூக்கிக் குப்பை போடும் இடத்தில் வைத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போவது என்று தெரியாமல் அமோய் வீட்டுக்குப் போனான். அவளுடைய அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாத்தியத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று தையல் இயந்திரத்தின் மேல் துண்டு விரித்து வைத்தார். அதன் பிறகு அது அங்கேதான் இருந்தது. துணி தைக்க வேண்டுமென்றால் உறுமி கட்டிலுக்குப் போகும், தைத்து முடித்ததும் திரும்ப இயந்திரத்துக்கு வரும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, அவனைக் கூப்பிட்டு முதல் தட்டு தட்டச் சொல்வார். அமோயின் தம்பி ஒருமுறை அந்தத் தோலில் பென்சிலால் ஓட்டை போட்டது வேறு கதை.

நாங்கள் மூவரும் சேர்ந்த இடம் செருப்பு வைக்கும் இடம். வாசலுக்கு இடப்பக்கம், கால் கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு. எப்போதும் ஈரம். உள்ளே தேவார வகுப்பு முடிந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மண்டபத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், நானும் அமோயும் வெளியே வந்துவிடுவோம், உறுமி ஏற்கெனவே அங்கே இருப்பான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

முன்வரிசை

ஆக, அவள் சொல்வது இதுவரைக்கும் சரி. மூன்று பேரும் மூன்று காரணத்தால் ஒரே திண்டுக்கு வந்தோம். எனக்கு உறுமி மேளம் பிடிக்காது, தலைவலிக்கும். அவனுக்கு நான் படிக்கிற புத்தகங்கள் எதற்கென்றே புரியாது. அமோய்க்கு எங்கள் இருவர் மேலும் பொறுமை கிடையாது. பள்ளியில் சந்தித்திருந்தால் ஒரு வாரம்கூடப் பேசியிருக்கமாட்டோம்.

ஆனால் 1996 நவராத்திரி இருக்கிறது. அதைத்தான் அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் இரவு தேவார வகுப்புப் பிள்ளைகள் பாடும் முறை. பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல், ஆசிரியர் வேறு வழியில்லாமல் அமோயை மேடையேற்றினார். அவள் குரல் நல்ல குரல் என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் அதுவரை தெரியும். அவள் பாடினாள். முதல் வரியிலேயே மண்டபத்தில் சலசலப்பு அடங்கியது, அப்புறம் வேறு மாதிரி ஒரு சலசலப்பு எழுந்தது, "சீனப் பிள்ளை, சீனப் பிள்ளை" என்று பின்வரிசை வரைக்கும் வந்தது. முடிந்ததும் நிர்வாகக் குழுவில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, நம் தமிழின் பெருமையைப் பாருங்கள், ஒரு சீனப் பெண் எவ்வளவு அழகாகத் தேவாரம் பாடுகிறது என்றார். கைத்தட்டல். அந்தக் கோயிலிலேயே காது குத்தி, அங்கேயே மொட்டை போட்டு வளர்ந்தவள் அவள். பொருளாளரின் மனைவி தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அவளுடைய அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவளுக்கு முன்வரிசையில் இடம். விருந்தாளிகள் வந்தால் அவளைப் பாடச் சொல்வார்கள். பிரசாதம்கூட அந்த வரிசைக்குத் தனி, எங்களுக்குக் காகிதத்தில் ஒரு கை சுண்டல் என்றால் அங்கே சுண்டலோடு வடையும் வாழைப்பழமும் ஒரு பையில் போட்டு வரும். முன்வரிசைப் பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஒருத்தியின் அப்பா காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். உறுமி திண்டில் உட்கார்ந்துகொண்டு, "போயிட்டா லா" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் நான் ஓடியிருப்பேன், அப்பாவின் கப்பலை அன்றைக்கே கரையேற்றியிருப்பேன்.

அவள் போகவில்லை. வகுப்பு முடிந்து அந்தப் பெண்கள் காருக்குப் பக்கத்தில் நின்று கையசைக்க, இவள் "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு நேராகத் திண்டுக்கு வந்தாள். பையைத் திறந்து, வடையை எடுத்து, மூன்றாகப் பிய்த்தாள். உளுந்து வடையை மூன்றாகப் பிய்ப்பது லேசான காரியம் இல்லை, நடுவில் ஓட்டை இருப்பதால் ஒரு துண்டு எப்போதும் பெரிதாக வந்துவிடும். பெரிய துண்டை அவள் எடுத்துக்கொண்டாள். "நான்தான பாடினேன்," என்றாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும், வருஷம் முழுக்க. உள்ளே எப்படி இருக்கிறது என்று உறுமி கேட்டதற்கு, "எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க, ழகரம் வருதான்னு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பாடச் சொன்னால் பாடிவிட்டு வருவாள்.

ஆகவே அடுத்த முறை சந்தித்தபோது வக்கீல் மாதிரி இதை எடுத்து வைத்தேன். உனக்கு உள்ளே இடம் இருந்தது, கார் இருந்தது, முழு வடை இருந்தது, ஆனாலும் நீ வெளியே வந்தாய், அது நீயாக எடுத்த முடிவுதானே, அப்புறம் எப்படி ஒதுக்கிவிட்ட இடம் என்கிறாய்? அவள் யோசிக்கவே இல்லை. "என் செருப்பு அங்கதான இருந்துச்சு" என்றாள்.

செருப்பை எடுக்க ஒரு நிமிஷம் போதும், நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாய் என்றேன். "காலு காயணும்ல" என்றாள்.

கூட்டாளி என்றால்

அவள் பக்கமும் ஆதாரம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதக் கூடாது. உறுமி ஐடிஇ என்கிற தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போய், பிறகு தேசிய சேவைக்குப் போனான், இவள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு, நான் வேலைக்கு. திண்டுக்குப் போவது நின்றது. நின்றதும் நாங்களும் நின்றோம். பல வருஷம் ஒருவரையொருவர் தேடவில்லை, கல்யாணப் பத்திரிகைகூட ஒன்று தபாலில் வந்தது, ஒன்று வரவே இல்லை. உண்மையான கூட்டாளிகள் இப்படியா இருப்பார்கள் என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மறுபடி சேர்ந்தது அவளுடைய அம்மா இறந்தபோதுதான். யாரும் சொல்லாமலேயே உறுமி தன் ஆட்களோடு புளோக்குக் கீழே வந்து வாசித்தான், காசு வாங்க மறுத்துவிட்டான். தையல் இயந்திரத்துக்கு வாடகை என்றான்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் நட்பு என்கிற எண்ணமே கொஞ்சம் பணக்கார எண்ணம். முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தார்களா என்ன? அவர்களுடைய அப்பாக்கள் ஒரே நிர்வாகக் குழுவில் இருந்தார்கள், அம்மாக்கள் ஒரே கடையில் புடவை எடுத்தார்கள், பிள்ளைகள் ஒரே டியூஷனுக்குப் போனார்கள். அவர்களையும் யாரோ கொண்டுவந்து உட்கார வைத்ததுதான், பாய் மட்டும் காய்ந்த பாய். அதை நட்பு என்று ஊரே ஒத்துக்கொள்கிறது, நாங்கள் மட்டும் ஏன் சான்றிதழ் காட்ட வேண்டும்? இதை அமோயிடம் சொன்னேன். நீ நிறையப் படிக்கிறாய் என்றாள்.

சரி, மூன்றாவது ஆளையும் கேட்டுவிடலாம் என்று உறுமிக்கு அழைத்தேன். அவன் இப்போது பேருந்து ஓட்டுகிறான், முனையத்தில் ஓய்வு நேரத்தில்தான் பேச முடியும். முதலில் அவனுடைய மகள் பற்றிப் பேசினான், அவளும் உறுமி வாசிக்கிறாளாம். 2016ல் தைப்பூச ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி வாத்திய இசைக்கு அனுமதி வந்ததையும், இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதையும் சொன்னான். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்தான்.

"அவ சொல்றது சரிதான். ஆனா அவகிட்ட ஒண்ணு சொல்லு. அவ தம்பி தோல்ல ஓட்டை போட்டான்ல, மாத்துறதுக்கு 60 வெள்ளி ஆச்சு, பாதி தர்றேன்னா, இன்னும் தரல. கூட்டாளின்னா அதை நான் விட்டுடறேன். கூட்டாளி இல்லன்னா கடன் கடன்தான், 30 வெள்ளி அனுப்பச் சொல்லு. எதுன்னு அவளே முடிவு பண்ணட்டும்."

அப்படியே அவளுக்குச் சொன்னேன். அன்று மாலையே பேநவ் வழியாக அவனுக்கு 15 வெள்ளி அனுப்பியிருக்கிறாள். மீதி 15 பற்றி இருவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.